இரத்த ஓட்டத்தைக் கேட்கும் கருவி: டாப்ளர் ஸ்கேனுக்கு வரும் முன் அறியவேண்டியவை

விளக்கொளி குறைக்கப்பட்ட அறை. கட்டிலில் படுத்திருக்கும் முதிய தாயாரின் முழங்காலுக்குப் பின்புறத்தில் மருத்துவர் ஒரு சிறு கருவியை வைக்கிறார். திரையில் சாம்பல் நிற நிழல்கள் அசைகின்றன. திடீரென்று, "உஷ்... உஷ்... உஷ்..." என்று அறையெங்கும் ஓர் ஓசை எழுகிறது. தாயார் திடுக்கிட்டுத் தலையை உயர்த்துகிறார்.

"என்ன தம்பி, மெஷின் ஏதும் கெட்டுப்போச்சா?"

"இல்லைம்மா. உங்க கால்ல ஓடுற ரத்தத்தோட சத்தம் அது."

தாயார் சற்று நேரம் அசையாமல் கேட்டுக்கொண்டிருக்கிறார். பிறகு அருகில் நிற்கும் மகளைப் பார்த்து, "கேட்டியா? இன்னும் ஓடுது" என்கிறார்.

ஸ்கேன் பிரிவில் இத்தகைய உரையாடல்கள் புதியவை அல்ல. மருத்துவர் எழுதிக்கொடுத்த சீட்டில் 'டாப்ளர்' என்னும் சொல்லைக் கண்டவுடன் பலருடைய மனத்தில் அச்சம் புகுந்துவிடுகிறது. ஊசி போடுவார்களா, மின்சாரம் பாய்ச்சுவார்களா, மயக்க மருந்து கொடுப்பார்களா என்ற ஐயங்களோடு இரவெல்லாம் உறங்காமல் வருவோர் உண்டு. மறுபுறம், 'கால் வீக்கந்தானே, எண்ணெய் தேய்த்தால் சரியாகிவிடும்' என்று நாள்களைக் கடத்திவிட்டுக் காலந்தாழ்த்தி வருவோரும் உண்டு. முதலாமவரின் அச்சத்தைப் போக்குவதும், இரண்டாமவரின் தாமதத்தைத் தவிர்ப்பதுமே இக்கட்டுரையின் நோக்கம்.

டாப்ளர் என்பது என்ன?

ரயில்வே கேட்டின் அருகே நின்றிருக்கும்போது நாம் அனைவரும் இதைக் கேட்டிருப்போம். ஊதியபடியே நெருங்கிவரும் இரயிலின் ஒலி கூர்மையாக ஒலிக்கும். நம்மைக் கடந்து சென்றவுடன் அதே ஒலி தாழ்ந்து தடிப்பாகிவிடும். ஓட்டுநர் ஒலிப்பானை மாற்றவில்லை. ஒலியெழுப்பும் பொருள் நம்மை நோக்கி வரும்போது ஒலியலைகள் நெருங்கி வருகின்றன. விலகிச் செல்லும்போது அவை இடைவெளி விட்டு வருகின்றன. வேறுபாடு அவ்வளவே.

இவ்வுண்மையை 1842ஆம் ஆண்டு பிராக் நகரில் எடுத்துரைத்தவர் கிறிஸ்டியான் டாப்ளர் என்னும் ஆஸ்திரிய அறிஞர். அவர் அப்போது ஆராய்ந்தது மனித உடலையன்று. வானத்து இரட்டை விண்மீன்களின் நிறங்களை. மூன்று ஆண்டுகள் கழித்து, 1845இல், நெதர்லாந்தில் பைஸ் பலோட் என்பவர் ஓடும் இரயிலில் ஊதுகுழல் இசைப்போரை ஏற்றி, ஒலியைக்கொண்டு அக்கருத்தைச் சோதித்துப் பார்த்தார். இருபதாம் நூற்றாண்டின் ஐம்பதுகளில் ஜப்பானின் ஒசாகா நகரில் சாத்தோமுரா என்னும் அறிஞர், இதே கோட்பாட்டை மீயொலியுடன் இணைத்து இதயத்தின் அசைவை அறியப் பயன்படுத்தினார். விண்மீன்களுக்காகப் பிறந்த ஒரு கோட்பாடு இவ்வாறு நோயாளியின் கட்டிலருகே வந்து சேர்ந்தது.

மனிதச் செவி ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியையே கேட்கும். ஸ்கேன் கருவியின் ஒலியோ 20 இலட்சம் முதல் 150 இலட்சம் ஹெர்ட்ஸ் வரை செல்லும். இந்த மீயொலி உடலுக்குள் நொடிக்கு ஏறத்தாழ 1,540 மீட்டர் வேகத்தில் சென்று, ஓடிக்கொண்டிருக்கும் இரத்தச் சிவப்பணுக்களில் பட்டுத் திரும்புகிறது. அணுக்கள் கருவியை நோக்கி ஓடினால் திரும்பும் ஒலி சற்றே கூர்மையாகவும், விலகி ஓடினால் சற்றே தாழ்ந்தும் இருக்கும். சென்ற ஒலிக்கும் திரும்பிய ஒலிக்கும் உள்ள வேறுபாட்டிலிருந்து இரத்தம் எத்திசையில், எவ்வளவு வேகத்தில் ஓடுகிறது என்று கணினி கணக்கிடுகிறது.

அறையில் கேட்கும் "உஷ்" என்னும் ஓசையும் இந்த வேறுபாடுதான். அவ்வேறுபாடு நம் செவிக்கு எட்டும் அளவிற்குள் அமைந்துவிடுவதால், கருவி அதனை அப்படியே ஒலிபெருக்கி வழியே ஒலிக்கச் செய்கிறது. எனவே ஓசை பெரிதாக ஒலிப்பதாலேயே நோய் பெரிது என்று கருதவேண்டாம். ஒலியின் அளவைக் கூட்டுவதும் குறைப்பதும் மருத்துவரின் கையிலுள்ள ஒரு குமிழ்தான்.

எதற்காக இச்சோதனை?

மருத்துவர் மணிக்கட்டில் விரல் வைத்து நாடி பார்ப்பதும், பாதத்தின் மேற்புறத்தில் துடிப்பைத் தேடுவதும் இரத்த ஓட்டத்தை அறியும் முதற்படி. ஆழத்தில் இருக்கும் குழாய்களை விரலால் அறிய இயலாது. அங்கே டாப்ளர் ஸ்கேன் துணைநிற்கிறது. இச்சோதனைக்கு மிகுதியாக அனுப்பப்படும் உறுப்புகளுள் ஒன்று கால். காலில் இரு வேறு பாதைகள் உண்டு என்பதை நினைவில் கொண்டால் பல ஐயங்கள் தீரும்.

முதற்பாதை, இரத்தத்தைக் காலிலிருந்து இதயத்திற்கு மேலே கொண்டுசெல்லும் சிரைகள். நெடுநாள் படுக்கையில் இருந்தோர், இடுப்பு அல்லது முழங்கால் அறுவைச் சிகிச்சை பெற்றோர், மாவுக்கட்டு போட்டோர், அண்மையில் மகப்பேறு அடைந்தோர், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுவோர் ஆகியோரின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறைந்துபோக வாய்ப்பு அதிகம். ஓட்டம் மந்தமாதல், குழாய்ச் சுவர் பழுதடைதல், இரத்தத்தின் உறையும் தன்மை மிகுதல் ஆகிய மூன்றும் இதற்கு அடிப்படைக் காரணங்கள். ஒரு கால் மட்டும் வீங்குதல், கெண்டைக்காலில் வலி, சூடு, சிவத்தல் ஆகியவை இதன் அறிகுறிகள். உறைந்த கட்டியின் ஒரு துண்டு பிரிந்து நுரையீரலைச் சென்றடைந்தால் உயிருக்கே ஆபத்து நேரலாம். ஆகவேதான் மருத்துவர் 'இன்றே ஸ்கேன் எடுங்கள்' என்று வலியுறுத்துகிறார்.

இரண்டாம் பாதை, இதயத்திலிருந்து காலுக்கு இரத்தத்தைக் கொண்டுவரும் தமனிகள். நீரிழிவு, புகைப்பழக்கம், உயர் இரத்த அழுத்தம், மிகுந்த கொழுப்பு ஆகியவை இக்குழாய்களைச் சுருக்குகின்றன. சிறிது தூரம் நடந்தவுடன் கெண்டைக்கால் இறுகி வலிப்பதும், நின்று இளைப்பாறினால் வலி நீங்குவதும், மீண்டும் அதே தூரம் நடந்தால் வலி திரும்புவதும் இதன் அடையாளம். இதனை 'வயதாகிவிட்டது', 'வாதம்' என்று பலர் ஒதுக்கிவிடுகின்றனர். நீரிழிவு நோயாளியின் பாதத்தில் ஆறாத புண் இருந்தால், அப்புண்ணுக்கு இரத்தம் வந்துசேர்கிறதா என்பதை அறிவது இன்றியமையாதது. இரத்தம் வராத புண்ணுக்கு எவ்வளவு மருந்திட்டாலும் ஆறுவது அரிது. அடைப்பை உரிய காலத்தில் கண்டு சரிசெய்தால் விரலையும் பாதத்தையும் காப்பாற்ற வழியுண்டு.

கால் தவிர வேறு இடங்களிலும் இச்சோதனை செய்யப்படுகிறது. ஒரு பக்கம் கை கால் செயலிழந்து உடனே மீண்டவர்களுக்கு, மூளைக்குச் செல்லும் கழுத்துத் தமனிகளில் சுருக்கம் உள்ளதா என்று பார்ப்பர். இளவயதிலேயே கட்டுக்கடங்காத இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்குச் சிறுநீரகத் தமனிகளை ஆராய்வர். கல்லீரல் நோயாளிகளுக்குக் கல்லீரலுக்குச் செல்லும் பெருஞ்சிரையைப் பார்ப்பர். டயாலிசிஸ் தொடங்கவிருப்பவர்களுக்குக் கையில் ஃபிஸ்டுலா அமைக்க ஏற்ற குழாயைத் தேர்ந்தெடுக்கவும், அமைத்த ஃபிஸ்டுலா முதிர்ந்துவிட்டதா என அறியவும் இதுவே வழி.

சோதனைக்கு வரும் முன்

கால், கை, கழுத்து ஆகியவற்றுக்கான சோதனைக்கு வெறும் வயிற்றுடன் வரத் தேவையில்லை. வழக்கம்போல் உண்டுவிட்டு வரலாம். தமனிகளைச் சோதிக்கும் நாளில் புகைபிடித்தலை அறவே தவிர்க்கவேண்டும். அது குழாய்களைச் சுருங்கச் செய்து அளவுகளை மாற்றிவிடும்.

சிறுநீரகம், கல்லீரல் போன்ற வயிற்றுறுப்புகளுக்கான சோதனையாயின், பொதுவாக ஆறு முதல் எட்டு மணி நேரம் உணவின்றி இருக்கும்படி கூறுவர். குடலில் காற்று மிகுந்திருந்தால் மீயொலி அதைக் கடந்து செல்லாது என்பதே காரணம். நீரிழிவு நோயாளிகள் காலையில் முதல் நேரத்தைக் கேட்டுப் பெறுதல் நலம். அன்றைய மாத்திரையையும் இன்சுலினையும் எப்போது எடுத்துக்கொள்வது என்று தங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். தாமாகவே நிறுத்தவும் வேண்டாம். உணவின்றி இன்சுலின் போட்டுக்கொள்ளவும் வேண்டாம்.

இரத்தம் உறையாமலிருக்க உண்ணும் மாத்திரைகள் உட்பட ஏனைய மருந்துகளை ஸ்கேனுக்காக நிறுத்த வேண்டியதில்லை. இதயத்தில் பேஸ்மேக்கர், எலும்பில் உலோகத் தகடு ஆகியவை பொருத்தப்பட்டிருந்தாலும் தடையில்லை.

உடையைப் பொறுத்தவரை, எளிதில் தளர்த்தக்கூடியதாக இருக்கட்டும். கால் சோதனைக்குச் சேலை, வேட்டி, தளர்வான பாவாடை ஆகியவை ஏற்றவை. இறுக்கமான கால்சட்டை வேண்டாம். கணுக்காலில் அழுத்தமானிப் பட்டை கட்டவேண்டியிருப்பதால் கொலுசைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டு வரலாம். கழுத்துச் சோதனைக்குத் தாலியைக் கழற்றவேண்டுமோ என்று தயங்கும் தாய்மார்கள் பலர். கழற்றத் தேவையில்லை, சற்றே ஒதுக்கிவைத்தால் போதும்.

பழைய ஸ்கேன் அறிக்கைகள், மருந்துச் சீட்டுகள், அறுவைச் சிகிச்சைக் குறிப்புகள் ஆகியவற்றைத் தவறாமல் எடுத்துவாருங்கள். சென்ற முறை இருந்த அளவோடு ஒப்பிட்டால்தான் நோய் வளர்ந்ததா, தணிந்ததா என்று உறுதியாகச் சொல்ல இயலும்.

அறைக்குள் நடப்பது

சோதனை இருபது நிமிடம் முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். இரு கால்களையும் இடுப்புமடிப்பிலிருந்து கணுக்கால் வரை பார்க்கவேண்டியிருந்தால் நேரம் மிகும். நேரம் நீள்வதாலேயே 'ஏதோ பெரிதாக இருக்கிறது' என்று கலங்கவேண்டாம். குழாய் நீளமானது, ஒவ்வோர் அங்குலமாகப் பார்க்கவேண்டியிருக்கிறது.

முதலில் தோலின்மேல் ஒரு ஜெல் தடவப்படும். அது நீர் சேர்ந்த வெறும் பசை. சற்றே குளிர்ச்சியாக இருக்கும். கருவிக்கும் தோலுக்கும் இடையே துளிக் காற்று இருந்தாலும் மீயொலி உள்ளே செல்லாது. அக்காற்றை அகற்றவே இப்பசை. சோதனை முடிந்தபின் துடைத்தால் போய்விடும். உடையில் கறை படியாது.

சிரைகளைப் பார்க்கும்போது மருத்துவர் கருவியால் தோலை ஆங்காங்கே அழுத்துவார். இதுவே இச்சோதனையின் உயிர்நாடி. நலமான சிரை மென்மையானது; அழுத்தினால் அதன் இரு சுவர்களும் ஒட்டிக்கொண்டு திரையிலிருந்து மறைந்துவிடும். உள்ளே இரத்தம் உறைந்திருந்தால் எவ்வளவு அழுத்தினாலும் அது அமுங்காமல் நிற்கும். தோட்டத்தில் நீர் பாய்ச்சும் ரப்பர் குழாயை மிதித்துப் பாருங்கள். வெறுங்குழாய் தட்டையாகும், மண் அடைத்த குழாய் ஆகாது. வீங்கிய காலில் இவ்வழுத்தம் சிறிது வலிக்கலாம். வலித்தால் தயங்காமல் சொல்லுங்கள். பிறகு கெண்டைக்காலைக் கையால் மெல்லப் பிடித்து விடுவார். அப்போது இரத்தம் மேல்நோக்கிப் பாய்ந்தால் இடையில் உள்ள வழி திறந்திருக்கிறது என்பது பொருள்.

சுருள்சிரை நோய்க்கான சோதனையாயின் நிற்கவைத்துப் பார்ப்பர். சிரைகளுக்குள் இரத்தம் கீழே திரும்பாமல் காக்கும் சிறு வால்வுகள் உள்ளன. அவை பழுதுபட்டால் இரத்தம் கீழ்நோக்கி வழியும். தோலுக்கு அருகிலுள்ள சிரையில் அவ்வழிவு அரை நொடிக்கு மேல் நீடித்தால் வால்வு பழுது என்று கொள்வர். நெடுநேரம் நிற்பதால் தலைசுற்றுவதுபோல் தோன்றினால் உடனே தெரிவியுங்கள்.

தமனிகளைப் பார்க்கும்போது கைகளிலும் கணுக்கால்களிலும் இரத்த அழுத்தம் எடுத்து ஒப்பிடுவதும் உண்டு. நலமான உடலில் கணுக்கால் அழுத்தம் கையின் அழுத்தத்திற்கு இணையாகவோ சற்று மிகுந்தோ இருக்கும். கையில் 140, கணுக்காலில் 84 என்று வைத்துக்கொள்வோம். 84ஐ 140ஆல் வகுத்தால் 0.6. இவ்வெண் 0.9க்குக் கீழ் இருந்தால் கால் தமனியில் அடைப்பு உண்டு என்று பொருள். நீரிழிவு நெடுநாள் இருந்தவர்களின் தமனிச் சுவரில் சுண்ணாம்புச் சத்து படிந்து இறுகிவிடுவதால், அடைப்பு இருந்தும் இவ்வெண் 1.4க்கு மேல் காட்டலாம். எண் பெரிதாக இருப்பதே நலத்தின் அடையாளம் அன்று.

கழுத்துச் சோதனையின்போது தலையை ஒருபுறம் திருப்பிப் படுக்கச் சொல்வர். வயிற்றுச் சோதனையின்போது சில நொடிகள் மூச்சை அடக்கச் சொல்வர். பேசுவதும் அசைவதும் அலைவரைவைக் குலைக்கும் என்பதால், அந்தச் சில நொடிகள் மட்டும் ஒத்துழைப்புத் தாருங்கள்.

கால் சோதனை தொடையின் மேற்பகுதிவரை செல்வதால் பெண்களுக்குக் கூச்சம் ஏற்படுவது இயல்பு. துணைக்கு ஒரு பெண் ஊழியர் உடனிருக்கவேண்டும் என்றும், பார்க்காத பகுதிகளைத் துணியால் மூடவேண்டும் என்றும் கேட்பது தங்கள் உரிமை.

திரையில் தோன்றும் சிவப்பும் நீலமும்

திரையில் நீல நிறத்தைக் கண்டு, 'கெட்ட இரத்தமா?' என்று கேட்போர் உண்டு. அன்று. கருவியை நோக்கி வரும் ஓட்டத்தை ஒரு நிறத்திலும், விலகிச் செல்லும் ஓட்டத்தை மற்றொரு நிறத்திலும் கணினி தீட்டுகிறது. வழக்கமாக வருவது சிவப்பு, போவது நீலம். கருவியைத் திருப்பிப் பிடித்தால் அதே குழாய் நிறம் மாறிவிடும். நிறத்திற்கும் நல்ல இரத்தம், கெட்ட இரத்தம் என்பதற்கும் தொடர்பில்லை.

சுருங்கிய இடத்தில் நிறம் வெளிறிப் பல நிறங்கள் கலந்து தோன்றும். குழாயின் வாயை விரலால் பாதி அடைத்தால் நீர் சீறிப் பாய்வதைக் கண்டிருக்கிறோம். இரத்தமும் அவ்வாறே சுருக்கத்தில் வேகம் கொள்கிறது. அந்த வேகத்தைக் கொண்டே சுருக்கத்தின் அளவு மதிப்பிடப்படுகிறது. எடுத்துக்காட்டாக, மூளைக்குச் செல்லும் உட்கழுத்துத் தமனியில் வேகம் நொடிக்கு 125 சென்டிமீட்டரைத் தாண்டினால் பாதியளவோ அதற்கு மேலோ சுருக்கம் இருக்கலாம் என்றும், 230ஐத் தாண்டினால் 70 விழுக்காட்டிற்கு மேல் இருக்கலாம் என்றும் கொள்வது பரவலான வழக்கம்.

கருவுற்ற தாய்மார்களுக்கு

கருவில் வளரும் குழந்தையின் எடை குறைவாகத் தோன்றும்போதும், தாய்க்கு இரத்த அழுத்தம் மிகும்போதும் தொப்புள்கொடித் தமனியில் டாப்ளர் சோதனை செய்யப்படும். நலமான கருவில், குழந்தையின் இதயம் இரு துடிப்புகளுக்கு இடையே இளைப்பாறும் கணத்திலும் நச்சுக்கொடியை நோக்கி இரத்தம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தக் கணத்து ஓட்டம் நின்றுவிட்டால், அல்லது திரும்பி ஓடினால், நச்சுக்கொடி தளர்ந்துவிட்டது என்று பொருள். எத்தனை நாளைக்கு ஒருமுறை கண்காணிப்பது, பிள்ளைப்பேற்றை முன்கூட்டியே நிகழ்த்துவதா என்ற முடிவுகள் இதைப் பொறுத்தே அமையும். ஆகவே 'மறுபடியும் ஸ்கேனா?' என்று சலித்துக்கொள்ளாமல் குறித்த நாளில் வாருங்கள். கருவுற்ற தொடக்க மாதங்களில் தேவையின்றி இச்சோதனையைச் செய்வதில்லை. செய்யும்போதும் ஒலியின் ஆற்றலைக் குறைத்து, நேரத்தைச் சுருக்கியே செய்வர்.

ஸ்கேனுக்கு முன் தாயார் கையொப்பமிடும் படிவம், 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கட்டாயமானது. குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் குற்றம். அக்கேள்வியை ஊழியர்களிடம் எழுப்பவேண்டாம் என்று அன்புடன் கேட்டுக்கொள்கிறோம்.

அறிக்கை வந்த பிறகு

அறிக்கையைக் கையில் வாங்கியவுடன் அதிலுள்ள சொற்களைத் தனித்தனியே தேடிப் பார்த்துக் கலங்குவோர் பலர். அறிக்கை என்பது நோயின் தீர்ப்பு அன்று. தங்கள் மருத்துவருக்கு எழுதப்பட்ட ஒரு மடல். தங்கள் உடலின் முழு நிலையோடு சேர்த்துப் படிக்கும்போதே அதற்குப் பொருள் உண்டு. ஆழ்சிரையில் உறைவு கண்டறியப்பட்டால் மட்டும், மருத்துவரை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று வீடு திரும்பக்கூடாது. அன்றே மருத்துவரைக் காணவேண்டும். உறைவு மேலும் வளராமல் தடுக்கும் மருந்து பெரும்பாலும் அன்றே தொடங்கப்படும். குறைந்தது மூன்று மாதங்கள் தொடர்வது வழக்கம். வீக்கம் வடிந்துவிட்டது என்று பாதியில் நிறுத்துவது ஆபத்து.

சோதனைக்கும் எல்லைகள் உண்டு. மிகுந்த வீக்கம், பருத்த உடல், கட்டுப்போட்ட புண், சுண்ணாம்பு படிந்த குழாய், குடற்காற்று ஆகியவை பார்வையை மறைக்கலாம். இடுப்பெலும்புக்குள் இருக்கும் சிரைகள் எளிதில் தெரிவதில்லை. அப்போது சி.டி. ஆஞ்சியோகிராம் போன்ற வேறு சோதனை தேவைப்படலாம். உறைவு இல்லை என்று வந்தும் ஐயம் தீராவிடில், ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்க்கச் சொல்வர். கெண்டைக்காலில் தொடங்கும் சிறு உறைவு அதற்குள் மேலேறியிருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளவே இது. உறைவே இல்லையெனினும் ஸ்கேன் வீணன்று. முழங்காலுக்குப் பின்புறம் நீர்ப்பை, தசைக் கிழிசல் போன்ற வேறு காரணங்கள் அதில் புலப்படுவதுண்டு.

குடும்பத்தினரின் கவனத்திற்கு

ஒரு கால் மட்டும் திடீரென வீங்கினால் எண்ணெய் தேய்த்து உருவிவிடாதீர்கள். அன்பினால் செய்யும் இச்செயல், உள்ளே உறைவு இருந்தால் அதைப் பெயர்த்து நுரையீரலுக்கு அனுப்பிவிடக்கூடும். ஸ்கேன் முடியும்வரை சூடான ஒத்தடமும் வேண்டாம்; நீரிழிவால் உணர்வு குன்றிய காலாயின் தீப்புண் ஏற்படும்.

கீழ்க்கண்டவற்றுள் ஒன்று தோன்றினாலும் ஸ்கேனுக்குக் குறித்த நாள்வரை காத்திராமல் உடனே 108ஐ அழையுங்கள், அல்லது அவசரப் பிரிவுக்கு வாருங்கள்:

திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, இருமலில் இரத்தம். இவை நுரையீரலுக்கு உறைவு சென்றதன் அறிகுறிகளாக இருக்கலாம்.

கால் திடீரென்று குளிர்ந்து, வெளிறி, கடுமையாக வலித்தல் அல்லது உணர்விழத்தல். தமனி முழுதும் அடைபட்டிருக்கலாம். அக்காலைக் காப்பாற்ற நாள்கள் அல்ல, சில மணி நேரமே உண்டு.

முகம் கோணுதல், கை வலுவிழத்தல், பேச்சுக் குழறுதல். சில நிமிடங்களில் சரியாகிவிட்டாலும் வீட்டில் இருந்துவிடாதீர்கள். அது வரவிருக்கும் பக்கவாதத்தின் முன்னறிவிப்பாக இருக்கலாம்.

டயாலிசிஸ் நோயாளியின் ஃபிஸ்டுலாக் கையில் இரத்த அழுத்தம் பார்க்கவோ, ஊசி போடவோ, இரத்தம் எடுக்கவோ வேறெங்கும் இடங்கொடாதீர்கள். நாள்தோறும் அவ்விடத்தில் விரல் வைத்தால் ஓர் அதிர்வு தெரியும். அது நின்றுவிட்டால் அன்றே வந்து காட்டுங்கள்.

சில ஐயங்கள்

இச்சோதனையில் கதிர்வீச்சு உண்டா? இல்லை. எக்ஸ்ரே, சி.டி. ஆகியவற்றில் உள்ள கதிர்கள் இதில் இல்லை. வெறும் ஒலியலைகளே.

ஊசியோ சாயமோ செலுத்துவார்களா? பொதுவாக இல்லை. மயக்க மருந்தும் இல்லை. முடிந்தவுடன் எழுந்து நடந்து வீட்டிற்குச் செல்லலாம், வேலைக்கும் செல்லலாம்.

அடிக்கடி எடுத்தால் கெடுதியா? மருத்துவர் தேவையென்று கருதும் அளவில் எடுப்பதால் கெடுதி நேர்வதாக அறியப்படவில்லை.

உடன் ஒருவர் வரலாமா? வரலாம். முதியோருக்கும் குழந்தைகளுக்கும் துணை இருப்பது நன்று. மருத்துவர் சொல்வதை மற்றொரு செவியும் கேட்டுக்கொள்வது பின்னர்ப் பெரிதும் உதவும்.

தொடக்கத்தில் கூறிய தாயார் ஒருவர் அல்லர். இக்கட்டிலில் நாள்தோறும் படுத்தெழும் பலருடைய சாயல் அவர். அவர்களுள் சிலருக்கு உறைவு இருக்கும். அன்றே மருந்து தொடங்கும். சிலருக்கு ஒன்றும் இராது. நிம்மதியோடு வீடு திரும்புவர். காலந்தாழ்த்தாமல் வந்த இரு சாராருக்குமே சோதனை தன் பயனை அளித்துவிட்டது. ஆதலால் மருத்துவர் சீட்டில் 'டாப்ளர்' என்று எழுதினால் அஞ்சாதீர்கள். நாளைக்கென்று தள்ளவும் செய்யாதீர்கள். அந்த அறையில் தாங்கள் கேட்கப்போவது தங்கள் குருதி ஓடும் செய்தியைத்தான். அதை உரிய நேரத்தில் கேட்டுவிடுவதே நலம்.